‘பெருமை இல்லை’ என்று எழுதிய ஸ்டெல்லா

போன செவ்வாய்க்கிழமை பாவூர்சத்திரம் சந்தையில் கேள்வித்தாளோடு நின்றபோது ஸ்டெல்லாவின் மகள் போன் செய்தாள். “அம்மை போயிட்டா சித்தி.” அவள் வீட்டுக்குப் போக உடனே தென்காசி பஸ் ஏறிவிட்டேன்.

கருத்துக்கணிப்பு வேலையில் நானும் அவளும் பத்து வருடம் ஜோடி. எங்களோடு இதே வேலையில் தெருத்தெருவாக நடந்த உங்களுக்கு அவளுடைய சத்தமான சிரிப்பு நினைவிருக்கும்.

ஒருமுறை நாட்டுப்பற்றை அளக்கும் கணிப்பு வந்தது. ‘இந்தியராக இருப்பதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை?’ என்பது முதல் கேள்வி. ‘மற்ற நாடுகளைவிட இந்தியா உயர்ந்ததா?’ என்பது அடுத்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பெருமை” என்றார். ஸ்டெல்லா அவரைத் தனியே கூப்பிட்டு மறுபடி கேட்டாள்.

“இப்பவும் அதேதான்க்கா. ஆனா மத்த நாட்டவிட நாமதான் ஒசத்தியான்னு கேட்டியள்லா, அது எனக்குத் தெரியாது. நான் செங்கோட்டையத் தாண்டுனதில்ல.”

“ஏட்டி, ரெண்டும் வேற வேறன்னு இவரு எவ்வளவு சுளுவா சொல்லுதாரு பாத்தியா!” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இலத்தூரில் ஓர் அம்மா. ராணுவத்திலிருந்த மகனை இழந்தவர். “பெருமை இல்ல” என்றார். நான் எழுதத் தயங்கினேன். ஸ்டெல்லா அப்படியே குறித்தாள். மறுநாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வீரனின் தாய் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், ‘மிகவும் பெருமை’ என்று மாற்றுங்கள் என்றார். அவள் மாற்றவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி இலத்தூருக்குப் போனாள்.

“மாத்தச் சொல்லுதாவளா?” என்றார் அந்த அம்மா. “மால போட வந்தவுக போட்டோ எடுத்துட்டுப் போனாவ. பெறவு ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எனக்குக் கோவம். கோவம்னு எழுத எடம் இருக்கா?”

இடமில்லை. ஸ்டெல்லா தாளின் ஓரத்தில் எழுதினாள்.

“இதையும் எழுது. ஆகஸ்டு பதினஞ்சுக்குப் பள்ளிக்கூடத்துல கொடியேத்த மொத ஆளா நான்தான் போவேன். அது என் புள்ள கும்பிட்ட கொடி.”

அதையும் எழுதினாள்.

அடுத்த கணிப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. “நீ போ ஏட்டி, ஒழுங்காக் கேளு” என்று அவளேதான் என்னை அனுப்பிவைத்தாள். கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எதிரே இருப்பவர் சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டாலும், மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும், சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.