நான் உயர்த்திக் காட்டிய துண்டு

சபையாரே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஐந்து வருடங்களுக்கு முன்னர் இதே இடத்தில், இந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். அது பொய். பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன், ஆனாலும் பொய் பொய்தான். அதைத் திருப்பி எடுக்கத்தான் இன்றைக்கு எழும்பி நிற்கிறேன். கோபத்தோடுதான் நிற்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு பேசலாம் என்று ஐந்து வருடம் பார்த்தேன். அது ஆறுகிற வழியாக இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஞானம்மா, சாம்பல்தீவில் இருக்கிறேன். என் கணவர் செல்லையா துறைமுகத்தில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை செய்தார். பாணுக்கு விடியவே வரிசையில் நின்று, கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்ற காலம் அது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன். ஆள் பாதியாகிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வயிற்றைத் திறந்தார்கள், மூடித் தைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வாட்டில் இருந்த ஒருவர் ஓடுகிற ஓட்டத்திலேயே என்னிடம் சொன்னார்.

"துண்டு வெட்டியாச்சு அம்மா, ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. துண்டைப் பத்திரமா வைச்சிருங்கோ, காட்ட வேணும்."

துண்டு வெட்டியாச்சு! ஆஸ்பத்திரியை விட்டுப் போகச் சொல்லி எழுதித் தருகிற கடதாசிதான் துண்டு. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? சுகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்பதுதானே? துண்டு வெட்டிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நாங்கள் வாயெல்லாம் பல்லாக நிற்போம். நானும் நின்றேன். சாகக் கொண்டுபோகிறவனுக்கும் அதே துண்டைத்தான் வெட்டுகிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது? யாரிடம் காட்ட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன்.

புரட்டாதி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவரையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்திவிட்டு, அந்தத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். "ஆண்டவர் என்ர மனுசனுக்குச் சுகம் தந்திட்டார், இந்தா பாருங்கோ" என்றேன். துண்டு முழுக்க இங்கிலிசில் எழுதியிருந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நம்முடைய உபதேசியார் ஐயா அதை வாங்கிப் பார்த்தார். ஐயா துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர், இங்கிலிசு வாசிக்கத் தெரிந்தவர். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பித் தந்துவிட்டு "அல்லேலூயா" என்றார். ஐயா இப்போதும் இங்கேதான் இருக்கிறார். நான் சொல்வது பிழை என்றால் எழும்பிச் சொல்லட்டும்.

துண்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். ஐந்து கிழமை அது அங்கேயே இருந்தது.

அந்த ஐந்து கிழமையை எப்படிச் சொல்வது? அவருடைய வயிறு வீங்கியது. படுக்க ஏலாது, இருக்க ஏலாது. சபையிலிருந்து கூட்டமாக வந்தீர்கள். சத்தம் போட்டு ஜெபித்தீர்கள். "சகோதரி, உங்கட சாட்சியைப் பிசாசு திருடப் பாக்கிறான், சுகம் எண்டு வாயால சொல்லுங்கோ" என்று ஐயா சொன்னார். நானும் சொன்னேன். அவரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தினேன். அவர் "சுகம்" என்று சொல்லிவிட்டுத் துவாய்த்துண்டை வாய்க்குள் அடைத்துக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். நோ வருகிறபோதெல்லாம் துவாயைக் கடித்தார். கடித்த இடமெல்லாம் கிழிந்து நூலாய்த் தொங்கியது. விசுவாசம் காணாது என்று என் காதுபடவே கதைத்தவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகை மழை தொடங்கின கிழமை, ஒரு வியாழக்கிழமை, அவர் முதன்முறையாகக் கத்தினார். துவாயைத் துப்பிவிட்டுக் கத்தினார். பத்து மணிக்குத் தொடங்கினது மத்தியானம் வரைக்கும் நிற்கவில்லை. நான் குசினிக்குள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கத்தியைச் சுவரில் எறிந்தேன். முழங்காலில் நிற்கவுமில்லை, கண்ணை மூடவுமில்லை.

"ஆண்டவரே, நான் இனிச் சுகம் கேக்கமாட்டன். கேட்டுக் கேட்டு வாய் புளிச்சுப் போச்சு. இந்த மனுசன்ர நோவைப் பாக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை இந்தப் படலைக்கு அனுப்பும். உமக்கு ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லும்!"

ஆமென்கூடச் சொல்லவில்லை. இப்படி ஜெபிக்கலாமா என்று கேட்பீர்கள். நான் ஜெபித்தேன், அவ்வளவுதான்.

மூன்று மணியிருக்கும். வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மழையில் தெப்பமாய் நனைந்து ஒரு பெண்பிள்ளை தோல் பையோடு உள்ளே வந்தாள். பேறு பார்க்கிற மிஸ்ஸி. பரமேஸ்வரி என்று பெயர், எங்கள் பகுதிக்கு வந்து ஒரு மாதம்கூட இல்லை.

"சுடுதண்ணி வையுங்கோ அக்கா. எங்க பிள்ளைத்தாச்சி? எப்ப நோக் கண்டது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளைத்தாச்சியா? இஞ்ச ஒருத்தரும் இல்லை மிஸ்ஸி. என்ர மனுசன்தான் கிடக்கிறார்."

பிறகுதான் தெரிந்தது. உப்புவெளி றோட்டில் இவளைக் கண்ட எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "ஞானம்மா வீட்டில காலமை தொடங்கி நோவில கத்திக் கேக்குது மிஸ்ஸி, ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். மிஸ்ஸிக்கு நோ என்றால் பிள்ளைப்பேற்று நோதானே! ஓட்டமும் சவாரியுமாக வந்திருக்கிறாள். உள்ளே கிடந்த மனுசன் அந்த நோவுக்குள்ளும் தலையைத் தூக்கி, "நான் இன்னும் பெறேல்லை மிஸ்ஸி" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவள் தன் வேலை இல்லை என்று திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. பையை வைத்தாள், கையைக் கழுவினாள், அவருடைய வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரித் துண்டு எங்கே என்று கேட்டாள். நான் பெருமையோடுதான் எடுத்துக்கொடுத்தேன், பாருங்கள்! அவள் கதிரையில் இருந்து அதை இரண்டுதரம் வாசித்தாள்.

"அக்கா, இதை ஒருத்தரும் உங்களுக்கு வாசிச்சுச் சொல்லேல்லையா?"

"சுகம் எண்டுதானே மிஸ்ஸி துண்டு வெட்டினவை?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிற்றில் புற்று, பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்து ஆறுதலாகப் பார்க்கவும் என்று எழுதியிருந்ததாம். அதன் அடியில் கடும் நோவுக்கு ஒரு மருந்தும் எழுதியிருந்தது. பக்கத்து அரசாங்க மருந்துச்சாலையில் துண்டைக் காட்டி எடுக்கவும் என்றிருந்தது. அங்கேதான் காட்டியிருக்க வேண்டும். ஐந்து கிழமை, சபையாரே! அந்த மருந்தின் பெயர் என் வேதப்புத்தகத்துக்குள் கிடந்தது. அந்த மனுசன் துவாயைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "இஞ்சாருங்கோ, எனக்குத் தெரியாதப்பா, எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியும் ஞானம். வாட்டில பக்கத்துக் கட்டில்காரன் வாசிச்சுச் சொன்னவன். நீ கோயில்ல துண்டைத் தூக்கிப் பிடிச்சாய். எல்லாரும் கைதட்டிச்சினம். உன்ர முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். நான் எப்பிடிச் சொல்லுறது?"

என் சாட்சி பொய்யாகிவிடக்கூடாது என்றுதான் அவர் துவாயைக் கடித்திருக்கிறார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் நெஞ்சு வெடிக்கிறது. ஐயாவில் கோபம், உங்களில் கோபம் என்று நின்றவள், அன்றைக்கு என்னிலேதான் கூடக் கோபப்பட்டேன்.

மிஸ்ஸி துண்டை எடுத்துக்கொண்டு அந்த மழையிலேயே மருந்துச்சாலைக்குப் போனாள். பொழுதுபட முதல் ஒரு போத்தலோடு வந்தாள். போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பல்லுப் பல்லாக வெட்டியிருந்தது. நோ வந்த பிறகு கொடுக்காதே, வருவதற்கு முதல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு என்று சொல்லித் தந்தாள். புண் வராமல் பக்கம் மாற்றிக் கிடத்தவும், உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து வாய் துடைக்கவும் காட்டினாள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிற வழியில் ஒவ்வொரு நாளும் எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்தினாள்.

நெற்றியில் திருநீறு பூசிய சைவப்பிள்ளை. அது ஆண்டவர் அனுப்பின ஆளாக இருக்காது என்று ஒரு சகோதரி எனக்குச் சொன்னார். நான் நோவைப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கேட்டேன், வந்தது. நெற்றியில் என்ன பூசியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆண்டவரும் என்னிடம் கேட்கவில்லை.

இருபத்து மூன்று நாள். அவர் நித்திரை கொண்டார். சவ்வரிசிக் கஞ்சி குடித்தார். தங்கச்சியோடு இருந்த பழைய மனத்தாங்கலை அவளைக் கூப்பிட்டுப் பேசித் தீர்த்தார். என்னோடு பகிடி விட்டார். மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. வாய்க்குள் துவாய் இல்லை. அந்த இருபத்து மூன்று நாள்தான் என் சாட்சி. முதல் சொன்னதை இன்றைக்கு உங்கள் முன்னால் திருப்பி எடுக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மிஸ்ஸியிடம் பழகினதை வைத்து, சாகப் போகிறவர்கள் கிடக்கிற வீடுகளுக்குப் போகிறேன். சல்லிக்கும் போனேன், நிலாவெளிக்கும் போனேன். போனவுடன் முதல் வேலை, துண்டை எடுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிப்பிக்கிறது. பிறகுதான் ஜெபம்.

போன மாதம் உபதேசியார் ஐயா என் படலைக்கு வந்தார். அவருடைய அக்காவுக்குத் துண்டு வெட்டியிருந்தார்கள். அதை மடித்துக் கையில் வைத்திருந்தார். "அண்டைக்கு எனக்கு விளங்கினது ஞானம்மா. எல்லாரும் கைதட்டிக்கொண்டு நிண்டினம். நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

என் மனுசன் சொன்ன அதே சொல்! அவர் என்னில் வைத்த அன்பினால் சொன்னார், ஐயா உங்களுக்குப் பயந்து சொன்னார். வாயில் வந்ததெல்லாம் பேசி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் அந்த அக்காவின் நோ கண்ணுக்கு முன்னால் வந்தது.

"முதல் அதை வாசியுங்கோ ஐயா" என்றேன். "சத்தமா வாசியுங்கோ. ஒரு சொல்லும் விடாமல் வாசியுங்கோ."

அவர் படலையில் நின்றபடி வாசித்தார். அடியில் மருந்தின் பெயர் இருந்தது. நான் குடையை எடுத்தேன். இரண்டு பேருமாக மருந்துச்சாலைக்கு நடந்தோம். அந்த அக்கா இப்போது நோவில்லாமல் கிடக்கிறார். கோபம் இன்னும் இருக்கிறது, அது இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் துண்டு வெட்டுவார்கள். ஆண்டவரைக் கூப்பிடுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கூப்பிடுங்கள், அவர் தாங்குவார், நான் பார்த்திருக்கிறேன். பிறகு என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன். ஆனால் நான் வருகிறபோது ஒருவரும் கைதட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அடுப்பில் சுடுதண்ணீர் இருக்க வேண்டும்.