கவுண்டர் கணினிக்குள் ஒளிந்திருந்த புரோகிராம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் காலையில் நிற்பவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றுக்காரர்கள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பதை அங்கே பார்க்கலாம். கவுண்டரில் இருப்பவள் நிலையத்தை நடத்துபவரின் தங்கை. திறந்த நாளில் தரையைக் கழுவியவள் அவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் பதிவு செய்யப் பழகியவளும் அவள்தான்.

அன்று கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்கும் வெறும் வயிறா?" என்றார் ஒரு பெரியவர். வரிசை சிரித்தது.

உள்ளறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஆமை மாதிரி வேலை பார்த்தா எப்படி? அடுத்த மாசம் வேற பொண்ணு வரா. நீ வீட்டுல இரு."

"நான் என்ன பண்றது? மிஷின் எழுந்திரிக்கலைண்ணா."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

நாலு பேர் கேட்கச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. கூட்டம் கலைந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கணினி எழும்போதே கூட எழுந்துகொள்ளும் புரோகிராம்கள், அழையாத விருந்தாளிகளாக வரிசையில் இருந்தன. பாட்டு, அரட்டை, எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் உதவியாளன். ஒவ்வொன்றையும் முடக்கினாள். முடக்கினால் அழியாது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் பக்கத்தில் விண்டோஸுடையவற்றைத் தொடவில்லை. வைரஸ் தடுப்பையும், ரத்த மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் அடிக்கும் சர்வீஸையும் விட்டுவைத்தாள்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத பெயர். எதிரே சுமை 'அதிகம்' என்றிருந்தது. அதன் ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே முழுக்கப் படங்கள். எல்லாம் அவளுடைய திரை. அவள் பதிந்தது, திருத்தியது, மகளுக்கு அனுப்பிய செய்திகூட. உடம்பெல்லாம் எரிந்தது.

"அண்ணா, இங்க வா. இதை யார் போட்டது?"

அண்ணன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "நீ எங்க லேட் பண்றேன்னு தெரிஞ்சுக்கத்தான். உன் நல்லதுக்குத்தாம்மா."

"லேட் ஆகறதே இதாலதான்! கால்ல கல்லைக் கட்டிவிட்டுட்டு ஏன் ஓடலைன்னு கேக்கறே. அதுவும் நாலு பேர் முன்னாடி! கூடப் பிறந்தவளை வேவு பார்க்க எப்படி மனசு வந்துது உனக்கு?"

பதிலுக்கு நிற்காமல் அதையும் அதன் சர்வீஸையும் முடக்கினாள். படங்களை அடியோடு அழித்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பதிவுத் திரை வந்து நின்றது.

"அடேயப்பா!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, அந்தப் பொண்ணை வேணாம்னு சொல்லிடறேன். நீயே இரும்மா."

"மிஷின் வேகமானதும் தங்கச்சி ஆயிட்டேனா? அவளே வரட்டும்."

"ஏய், நில்லு! அவ அடுத்த மாசம்தான் வருவா!"

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ரிப்போர்ட் வாங்க ஒரு பெண் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட கேளுங்க" என்று அண்ணனைக் காட்டிவிட்டுப் படியிறங்கினாள்.