துதியில் முடியாத சங்கீதம்

குழித்துறைப் பக்கம் சபையில் யார் சீக்காகப் படுத்தாலும் ஜெபகனியைக் கூப்பிடுவார்கள். பித்தப்பைக் கல்லுக்கு ஒரு வசனம், கல்ஃப் விசாவுக்கு ஒரு வசனம், நீட் எழுதும் பிள்ளைக்கு ஒரு வசனம் என்று எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ரேஷன் கடை வாசலில் நிறுத்திக் கேட்டாலும் சொல்லுவாள்.

சொந்த அண்ணன் மனைவி விக்டோரியா படுத்தபோதும் அப்படித்தான் போனாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது விக்டோரியாவுக்கும் தெரியும். தெரியாது என்பதுபோல வீடே நடந்துகொண்டது. வருகிறவர்கள் சுகமாகிற வசனத்தை வாசித்து, கையைப் பிடித்து, "விசுவாசத்தோட ஆமென் சொல்லுங்க" என்பார்கள். அவளும் சொல்லுவாள். இந்த வழக்கத்தில் ஒரு கொடுமை உண்டு. சுகமாகாவிட்டால், ஆமென் சொன்னவளுக்கு விசுவாசம் போதவில்லை என்றாகிவிடும். ஜெபகனியும் பல கட்டில்களில் இதைச் செய்தவள்தான்.

அன்று மத்தியானம் அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். ஜெபகனி வேதப்புத்தகத்தை விரித்து, சுகம் தரும் சங்கீதப் பாடல் ஒன்றை எடுத்தாள்.

"அது வேண்டாம் மக்கா," என்றாள் விக்டோரியா. "துதியே இல்லாம முடியுமில்லா ஒரு சங்கீதம், எண்பத்தெட்டு. அத வாசிக்கியா?"

"சீக்காளிக்கு அத யாரும் வாசிக்க மாட்டாவ, மைனி."

"சீக்காளி நானில்லா கேக்கேன். வாசி."

வாசித்தால் மைனி பிழைக்கமாட்டாள் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனாலும் ஜெபகனி வாசித்தாள். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று ஒருவன் கடவுளிடம் மல்லுக்கட்டுகிறான். எங்கேயாவது ஸ்தோத்திரம் வரும் என்று பழக்கதோஷத்தில் தேடிக்கொண்டே போனாள். வரவில்லை. கடைசியில் சிநேகிதர்களும் விலகிப்போனார்கள் என்கிறான். அவ்வளவுதான், சங்கீதம் முடிந்தது.

விக்டோரியா கண்ணைத் துடைத்தாள். "இப்பிடிப் பொலம்பினவனையும் ஆண்டவரு வேதத்துக்கு வெளிய தள்ளல்ல, பாத்தியா? அப்போ என்னையும் தள்ளமாட்டாரு. எனக்குச் சாகப் பயமாயிருக்கு மக்கா. எல்லாரும் ஆமென் சொல்லச் சொன்னாவ. பயமாயிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல்ல."

பயத்துக்கும் ஜெபகனியிடம் வசனம் உண்டு. நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, மைனி," என்றாள். "நீங்க இல்லாத வீட்டுக்கு நான் எப்பிடி வருவேன்?"

விக்டோரியா மெல்ல நகர்ந்து, அவளுக்குக் கட்டிலில் இடம் விட்டாள்.