சிங்கப்பூர்ல ஒரு கெடை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் விமான டிக்கெட் போட்டுக் குடுக்கேன். இந்தத் தொழில்ல பறக்கவன் ஒருத்தன், பதறுதது வீடு முழுக்க. ஆளை எதிர்பாத்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருக்கீங்களா? அப்பம் நீங்களும் நம்ம கூட்டந்தான்.

எவ்வளவு தூரம்?

குளத்தூர்ப் பக்கத்துச் செல்லையா அண்ணாச்சி ஆட்டுக்காரரு. ராத்திரி ஒரு புஞ்சையில ஆடுகளை அடைச்சுக் கெடை போட்டு, விடிஞ்சதும் அடுத்த ஊருக்குப் பத்திட்டுப் போவாரு. மவன் முருகனுக்கு நியூசிலாந்துல மாட்டுப் பண்ணையில வேலை. “அவன் ஆத்தாளுக்கு வயித்துல கட்டி. அவன் உடனே வரணும் தாயி”ன்னு கடையில வந்து நின்னாரு.

ஆக்லாந்துல மத்தியானம் பன்னெண்டுக்குக் கெளம்புத விமானத்துல டிக்கெட் போட்டேன். அது அங்கத்து மணின்னு சொன்னேன். அந்தப் பதட்டத்துல எங்க காதுல ஏறும்! பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேலன்னேன். நடுவுல எத்தன கெடைன்னு கேட்டாரு. சிங்கப்பூர்ல ஒண்ணுதான்னு சொன்னதும் முகம் தெளிஞ்சுது. “ஒரே கெடைன்னா வந்துருவான்.”

அணைஞ்ச போன்

விமானம் ஏறுத அன்னைக்கு, காலையில கடையத் திறக்கேன், அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வாராரு. கட்டி உடைஞ்சா உசுருக்கே ஆபத்து, இப்பவே ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவரு பொஞ்சாதி, நம்ம மதினியோ, மவன் குரலக் கேக்காம ஆபரேசனுக்கு வர மாட்டேன்னு ஆஸ்பத்திரிக் கட்டிலப் புடிச்சிட்டுக் கெடக்காவளாம். முருகன் போன் அணைஞ்சு கெடக்கு.

அங்கன பன்னெண்டு அடிக்கையில நமக்கு இன்னும் விடிஞ்சிருக்காது, அவன் எப்பமோ ஏறிட்டான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மனுசன் நம்பணுமே! கடைச் சுவத்துக் கடிகாரத்தக் காட்டிக் கத்துனாரு: “இன்னும் ஒம்பதுகூட ஆவல, பன்னெண்டு மணி வண்டி எப்படிப் போவும்? எம்மவனுக்கு என்னமோ ஆயிப்போச்சு!”

குட்டி விமானம்

கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். என் போன்ல விமானம் போற வழியைக் காட்டுத படத்தத் திறந்து மதினி முகத்துக்கு நேரா நீட்டுனேன். ஆஸ்திரேலியா மேல குட்டியூண்டு விமானம். மதினி அதை வெரலால தொட்டாவ.

“இதுக்குள்ளயா எம்புள்ள இருக்கான்?”

“ஆமா மதினி. சாயங்காலம் சிங்கப்பூர்ல இறங்குவான்.”

மதினி கட்டில விட்டாவ. “அவன் கெடை சேரயில என்னைய எழுப்பிருங்க”ன்னாவ. ஆபரேசன் ரூமுக்குள்ள கொண்டு போயிட்டாவ.

அதுக்கப்புறம் நான்தான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். கண்ணு அந்தக் கதவுக்கும் போனுக்குமா அலையுது. பாழாப்போன விமானம் நகந்த மாதிரியே தெரியல. மத்தியானத்துக்கு மேல டாக்டர் வந்து கட்டிய எடுத்தாச்சுன்னாரு. அண்ணாச்சி அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டாரு.

சாயங்காலம் போன் அடிச்சுது. முருகன்தான். மதினி காதுல வச்சேன். பாதி மயக்கம், காஞ்ச உதடு, ஆனாலும் குரல் வந்துச்சு: “ஏலே, கெடை சேந்துட்டியா?”

அன்னையிலருந்து டிக்கெட்டுல நம்ம ஊரு மணியையும் பேனாவால எழுதிக் குடுக்கேன், ஆனா அண்ணாச்சி கூட்டியார ஆளுக எல்லாரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்காம எத்தன கெடைன்னுதான் கேக்காவ.