நான் பூட்டி வைத்த கோப்பு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான். ஐந்தாறு வருடங்களுக்கு முன் நடந்தது இது.

மலையில் செல்போன் சிக்னல் கிடைக்காததால், லயத்து வீடுகளில் குடியிருக்கும் ஆட்களுக்கு ஆபீஸ் போனில் வரும் செய்திகளை எழுதி, ஒரு பொதுக் கோப்பில் வைப்போம். கங்காணி தினமும் காலையில் அதைப் பார்த்து, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களிடம் சொல்லிவிடுவார். கண்டவர்களும் கோப்பைப் புரட்டுகிறார்களே என்று எரிச்சல்பட்டு, நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன். கங்காணி வரும்போது நானே திறந்து கொடுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து டவுனான தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கொழுந்து எடுக்கும் மாரியாயியின் அண்ணனுக்கு ரொம்ப முடியவில்லையாம், தங்கையைக் கேட்கிறாராம். எழுதிக் கோப்பில் வைத்து, வழக்கம்போல் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லீவில் ஈப்போவுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை திரும்பியபோது, அண்ணன் ஞாயிற்றுக்கிழமையே இறந்துபோயிருந்தார்.

"அலமாரி பூட்டியிருந்துச்சு கிராணியாரே. அவசரம்னா வெளிய வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்லா" என்றார் கங்காணி.

சனிக்கிழமை முழுக்க மாரியாயி ஆபீசுக்கு எதிர் மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை.

"சொல்லியிருந்தா நடந்தே போயிருப்பேனே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது. செய்தி வந்தால் நானே மலையேறிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கோப்பில் வைக்கிறேன். என்னைக் கண்டதும் பெண்களெல்லாம், "எனக்கா ஐயா?" என்று பதறுவார்கள். மாரியாயி மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவருக்கென்று இருந்தது அந்த ஒரே அண்ணன்தான்.