கேட்காமலே திறந்து காட்டிய பை

தெற்கில் தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், யாழ்ப்பாணம் போகும் பாலத்தடியில் மறுபடியும் ஆமியின் சோதனைச் சாவடி வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டும். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பஸ் மெதுவாகும்போதே எங்கள் வேலணைத் தீவுப் பெண்கள் கைப்பையின் சிப்பை இழுத்துவிடுவார்கள். பத்து வருடமாக மறந்திருந்த பழக்கம் ஒரே காலையில் திரும்பி வந்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது. நானும்தான் திறந்தேன்.

அக்காவும் நானும் ஒரே வளவில், ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் புருஷன்மார் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அக்காவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். இளையவனைச் சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. சங்கக்கடைக்குப் போனாலும் அக்காவின் கைப்பையில் அவனுடைய படம் இருக்கும்.

வருடக் கடைசியில் சனாதிபதித் தேர்தல் வந்தது. முன்பு பள்ளிக்கூட அதிபராக இருந்த மாஸ்டர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு வீடு வீடாகப் போனார். தன் மூன்று பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் உள்ளவர்களுடைய பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதர். எங்கள் வீட்டிலும் வந்து கதிரையில் சாய்ந்தார். நான் குசினியில் அடுப்படியில் நின்று கேட்டேன்.

"அக்கா, யோசியுங்கோ. உங்கடை பெடியன் கொழும்பிலை. நாளைக்கு அவன்ரை கடைக்குப் பக்கத்திலை ஒண்டு வெடிச்சால் ஆர் பொறுப்பு? பயங்கரவாதத்தை அடக்க இரும்பு மாதிரி ஒராள் வேணும். சாவடி போடோணும், ஆளாளாய்ப் பாக்கோணும். அப்பதான் சனம் நிம்மதியா நித்திரை கொள்ளும்."

பயங்கரவாதி என்ற பெயரை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒருகாலத்தில் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் எங்கள் வீட்டிலேயே இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் மாஸ்டர், எனக்கும் அதுதான் பயம்," என்றாள் அக்கா.

அப்போது ஆட்டுக்கொட்டில் தகரத்தின் மேல் காய்ந்த பனமட்டை ஒன்று விழுந்தது. மாஸ்டர் கதிரையை விட்டுப் பாய்ந்தார். தேத்தண்ணி முழுக்க வேட்டியில்.

"என்னது? என்ன சத்தம்?"

"மட்டை விழுந்தது மாஸ்டர். இருங்கோ."

ஆடுகூட எழும்பவில்லை. நாட்டைக் காக்க ஆள் பிடிக்க வந்தவர் வேட்டியை உதறிக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கேட்க வேண்டியதை அவர் போன பிறகுதான் கேட்டேன்.

"அக்கா, சின்னவனை இறக்கினதும் சாவடியிலைதானே?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? நீ குசினியைப் பார்."

தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசலில் ஒரு பொலிஸ்காரப் பெண் மட்டும் நின்றாள். சோதனை எதுவும் இல்லை. அக்கா நேராக அவளிடம் போய், கேட்காமலே பையைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, வேண்டாம், வேண்டாம். உள்ள போங்க." பிறகு படம் கண்ணில் பட்டது. "மகனா? இப்ப எங்க?"

அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. "கொழும்பிலை கடை வைச்சிருக்கிறான்."

பொலிஸ், ஆமி உடுப்புப் போட்டவர்களிடம் காணாமல் போனவனைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு நாக்கிலேயே இருந்தது. ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி மற்றப் பிள்ளையைச் சொன்னாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். "அக்கா, ஆருக்குப் போட்டனீ?"

"மாஸ்டர் சொன்ன ஆளுக்கு. இருக்கிறவனுக்காகப் போட்டனான். மற்றவனுக்கு இனி நான் என்ன செய்ய ஏலும்?"

மாஸ்டரின் ஆள் வென்றார். மாஸ்டர் சந்தியில் வெடி கொளுத்தினார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் பயப்படவில்லை.

தைப்பொங்கலுக்கு மூத்தவன் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு வர வேண்டியவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அக்கா வாசல் படலையடியில் நின்றாள். கதிரை போட்டு இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பொங்கல் பானையில் ஆறி இறுகியது. மூன்று மணிக்கு வெயிலில் கறுத்த முகத்தோடு அவன் வந்தான். பாலத்தடியில் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் தீவு விலாசம், ஆள் இருப்பது கொழும்பில், ஏன் என்று கேட்டு மர வாங்கில் இருத்தி வைத்தார்களாம்.

"பாதுகாப்புக்காம் அம்மா," என்றான்.

அக்கா அவன் கையைப் பிடித்தாள். பிறகு விடவில்லை. அவன் மற்றக் கையால்தான் பொங்கல் சாப்பிட்டான்.

அடுத்த நாள் மாஸ்டர் சிரித்த முகத்தோடு வந்து அதே கதிரையில் இருந்தார். நடந்ததை அக்கா மெல்லச் சொன்னாள்.

"அதுக்கென்ன அக்கா, நல்லதுக்குத்தானே. கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்," என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு?"

நான் குசினி வாசலுக்கு வந்தேன். அடுப்பில் கேத்தில் கொதிப்பது அவருக்கும் கேட்டிருக்கும்.

"தேத்தண்ணி இல்லை மாஸ்டர்," என்றேன்.

அக்கா என்னை ஏசவில்லை.