அத்தை ஏலத்தில் எடுத்த குதிரை

மூன்றாம் தரம் என்று உபதேசியார் மேசையில் தட்டியபோது அத்தையின் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. கல்யாணம் பார்க்கப் போனவளைப் பிடித்து மணமேடையில் உட்கார வைத்தால் எப்படி விழிப்பாளோ, அப்படி விழித்தாள். கோயில் முற்றத்துப் பலாமரத்தில் கட்டியிருந்த சிவப்புக் குதிரையோ, யாரோ காணிக்கை வைத்த வாழைக்குலையைச் சாவதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த நிமிடம் முதல் அது எங்கள் குதிரை.

பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்புப் பண்டிகை என்றால் ஆராதனையைவிட ஏலத்துக்குத்தான் கூட்டம். அவரவர் விளைச்சலில் முதற்பலனைக் கோயிலில் கொண்டு வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்கு வரும். பணம் சபைக்கு என்பதால் பொருளின் மதிப்புக்கும் கேட்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. சந்தையில் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் விற்றுப் பிழைத்த அத்தை, இந்த ஏலத்தில் விலை ஏற்றிவிடுவதில் மகா கெட்டிக்காரி. கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்களை ரோஷம் கிளப்பி மேலே மேலே இழுத்துப்போய், சரியான இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். அதற்கு முந்தைய வருடம் ஒரு துபாய்க்காரர் ஆட்டு விலைக்குச் சேவல் வாங்கிப் போனது அவள் கைங்கரியம்தான்.

அந்த வருடம் எங்கள் சபைக்காரரான தோட்டத்து முதலாளி தம் சவாரிக் குதிரையைக் காணிக்கையாக அனுப்பிவிட்டார். நிலச் சட்டம் வந்து அவருடைய தோட்டம் பலருக்குமாகப் பிரிந்துபோயிருந்தது. குடியிருந்தவர்களுக்கே உரிமை என்று கிடைத்த எங்கள் பத்து சென்ட் குடிகிடப்பும் அப்படி வந்ததுதான். எல்லாம் போயும் மனுஷன் கர்த்தரை மறக்கவில்லையே என்று சபையே உருகியது. துபாய்க்காரர் ஒரு விலை சொன்னார். அத்தை ஏற்றினாள். அவரும் ஏற்றினார். அத்தை மறுபடி ஏற்றியதும் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"போதும். அக்காவே எடுக்கட்டு. போன வருஷத்துச் சேவலுக்கு இதாக்கும் பதில்."

முதலாளி ஏன் காணிக்கை கொடுத்தார் என்பது குதிரை வீட்டுக்கு வந்த வாரத்திலேயே விளங்கிவிட்டது. ஏலத்தில் கேட்ட காசை அத்தை தவணையாகச் சபைக்குக் கட்டித் தீர்த்துவிடலாம். அதன் வயிற்றுக்குத் தவணை கிடையாது. கொள்ளு வேண்டும், தவிடு வேண்டும், பச்சைப் புல் வேண்டும். பத்து சென்டில் வீடும் கிணறும் தென்னையும் போக ஆடு மேயவே இடம் காணாது. அப்போதுதான் எனக்குக் குன்னத்துகால் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் நானும் அத்தையும்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்து வாங்கிய சம்பளத்தை ஒரு குதிரை நின்ற இடத்தில் நின்று தின்றது. நான் முணுமுணுக்காத நாள் இல்லை.

அத்தை அசரவில்லை. நெய்யாற்று வாய்க்கால் கரையில் புல் சும்மா கிடைக்கிறது என்று கண்டுபிடித்தாள். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் குதிரைக் குளம்பைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். நாகர்கோவிலிலிருந்து ஆளைக் கூட்டிவந்தால் கூலியோடு பஸ் காசும் சாப்பாடும் ஆகும். அத்தை யோசித்தாள். தார் ரோட்டில் நடந்தால்தானே குளம்பு தேயும்? அன்றிலிருந்து சுற்றி வளைத்து மண்பாதையிலேயே சந்தைக்குப் போனாள். சாணத்தை வெற்றிலைக் கொடி வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதுவரை தலையில் சுமந்த குலைகள் குதிரையின் முதுகுக்குப் போயின. அவள் ஒருநாளும் அதன்மேல் ஏறவில்லை. கழுத்தில் கைபோட்டபடி, தோழியோடு போவதுபோல் பேசிக்கொண்டே நடப்பாள். பேச்சு பெரும்பாலும் என்னைப் பற்றிய புகார்தான்.

அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு முந்தைய வாரம், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி மக்கா, குதிரையக் கோயிலுக்கே குடுத்திரலாம். ஒனக்க சம்பளத்த அது தின்னு தீக்குது. ஒனக்கொரு கல்யாணம் காட்சி வேண்டாமா?"

வருடம் முழுவதும் நான் கேட்டது அதைத்தான். கிடைத்தபோது தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குதிரைக்குப் புல் போடப் போனேன்.

பண்டிகையன்று வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் அத்தை வந்தாள். குதிரையைக் குளிப்பாட்டி, பிடரி சீவி, அதே பலாமரத்தில் கட்டினாள். துபாய்க்காரர் இந்த முறை விளையாட்டுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்காக நிஜமாகவே குதிரை வேண்டியிருந்தது. அவர் விலை சொன்னதும் அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியதை எடுத்தாள்.

"இவ்வளவு கொறச்சா போகப்பிடாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏற்றினாள். அவரும் ஏற்றினார். பழைய அத்தையானால் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருக்கும். அன்று அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கையில் இருந்ததும் வரப்போவதும் எல்லாம் சொல்லித் தீர்ந்தபின் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைந்து வழிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒரு தரம் என்றார் உபதேசியார். இரண்டு தரம் என்றார். அதற்கும் மேலே பத்து ரூபாய் என்று ஒரு குரல் கேட்டது. சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகே அது என் குரல் என்று தெரிந்தது.

துபாய்க்காரர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "போதும், மதி உபதேசியாரே. எனக்கு வேண்டாம்," என்று உட்கார்ந்துவிட்டார். உபதேசியாருக்குத்தான் குழப்பம்.

"நீங்க குடுத்தத நீங்களே எடுக்கியளா?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "குடுத்தது கர்த்தருக்கு. எடுக்கது எனக்கு. நீரு தட்டும்."

இப்போது என் மகன் கார் வாங்கிவிட்டுப் பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று புலம்பும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்று என் நாலு மாதச் சம்பளம் ஏலத்திலேயே போயிற்று. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. ஒரு துளி வருத்தம் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தச் செலவிலும் பிறகு கிடைக்கவில்லை. மண்பாதையில் வீடு திரும்பும் வழியெல்லாம், காசின் அருமை தெரியாதவள் என்று அத்தை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய ஒரு கை குதிரையின் கழுத்தில் இருந்தது, மற்றது என் தோளில் இருந்தது.